அப்பாவுக்கு நடுக்கம், எனக்கும் வருமா? ஒரு கேள்வியின் 200 வருஷக் கதை

சாத்தான்குளத்துல ஒரு வீட்டுல பெரியவருக்குக் கை நடுங்குது, நடை தட்டுது. டாக்டர் 'பார்க்கின்சன்'னு சொல்லிட்டாருன்னு வையுங்க. வெளிய வந்ததும் மகன் மனசுல ஓடுற கேள்வி ஒண்ணுதான்: "எனக்கும் வருமோ?" இதுக்கு மருத்துவம் சொன்ன பதில் பல தடவை மாறியிருக்கு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து இந்த நோயை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. 1983இல் அமெரிக்காவில், ஒருவருக்காவது இந்த நோய் இருந்த 43 ஜோடி ஒத்த இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மரபணுதான். ஆனால் இருவருக்கும் நோய் உறுதியானது ஒரே ஒரு ஜோடியில். அதற்கு முந்தைய வருடம்தான், கலிபோர்னியாவில் போலி ஹெராயின் போட்ட சில இளைஞர்கள் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். அப்புறமென்ன, "இது பரம்பரை இல்ல, வெளியிலிருந்து வர்ற விஷம்"ங்கிற கட்சி ஓங்கிருச்சு.

அதை மாற்றியது தெற்கு இத்தாலியின் கொந்துர்சி என்ற சிற்றூர். அங்கிருந்து அமெரிக்கா போன உறவினர்கள் சிலருக்கு ஒரே நோய் இருப்பதை நியூ ஜெர்சி மருத்துவர்கள் கவனித்து, வம்சாவளியைத் தோண்டினார்கள். 1997இல் அந்தக் குடும்பத்திடமிருந்து ஆல்ஃபா சினூக்ளின் புரதத்துக்கான மரபணுவில் ஒரு பிழை கிடைத்தது. உலகத்தில் மிக அரிதான பிழை. ஆனால் சாதாரண நோயாளிகளின் மூளையில் சேரும் கட்டிகளும் அதே புரதம்தான் என்று அந்த வருடமே தெரிந்தது.

1998இல் ஜப்பான். இளவயதிலேயே நோய் வந்த குடும்பங்களில் 'பார்க்கின்' மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இதில் அப்பா வழிப் பிரதி, அம்மா வழிப் பிரதி இரண்டும் பழுதானால்தான் நோய். இது நம்ம பக்கத்துக்கு முக்கியம். மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டும்போது, ஒரே தாத்தாவிடமிருந்த பழுது இரண்டு வழியாகவும் பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்பு கூடுது. சொந்தத்துல கட்டினாலே நோய் வரும்னு அர்த்தமில்லை. பழுது குடும்பத்துல இருந்தால்தான் சிக்கல்.

2004இல் எல்ஆர்ஆர்கே2 மரபணு வந்தது. அதிலுள்ள ஜி2019எஸ் என்ற மாற்றம், வட ஆப்பிரிக்க அரபு நோயாளிகளில் சுமார் 40 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2006இல் தெரிந்தது. அதே வருடம் 800 இந்திய நோயாளிகளிடம் தேடினார்கள். கிடைத்தது ஒரே ஒருவரிடம்.

இங்கதான் விஷயமே இருக்கு. ஒரு மரபணு டெஸ்ட் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்து 'நெகட்டிவ்'னு சொன்னா, துனிசியாக்காரருக்கு அது பெரிய சேதி. சாத்தான்குளத்துக்காரருக்கு அதுல பெருசா ஒண்ணும் இல்லை. சாப்ட்வேர்ல சொல்லுவோமே, எழுதின டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ் ஆனாலும், எழுதாத கேஸ்ல பக் இருக்கலாம். நம்ம ஆட்களுக்கான கேஸை இன்னும் முழுசா எழுதலை. லக்ஸ்-ஜயன்ட் என்ற திட்டத்தில் இந்திய மருத்துவமனைகள் பல சேர்ந்து 10,000 நோயாளிகளின் மரபணுவைத் திரட்ட இறங்கியிருப்பது அதுக்காகத்தான்.

சரி, அந்த மகனுக்கு என்ன பதில்? அப்பாவுக்கு முதுமையில் வந்திருந்தால், மகனுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. 40 வயசுக்குள்ள வந்திருந்தாலோ, ஒரே குடும்பத்துல பல பேருக்கு இருந்தாலோ, நரம்பியல் மருத்துவரிடம் மரபணு ஆலோசனை கேளுங்க. போகும்போது ஒரு தாள்ல தாத்தா, பாட்டி, அத்தை, மாமா யார் யாருக்கு நடுக்கம் இருந்தது, எத்தனை வயசுல ஆரம்பிச்சது, யார் யார் சொந்தத்துல கட்டினாங்கன்னு எழுதிட்டுப் போங்க. கொந்துர்சி கதையும் இப்படி ஒரு விசாரிப்புலதான் ஆரம்பிச்சது. வீட்டுப் பெரியவங்க இருக்கும்போதே கேட்டு வைங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.