வாக்குமூலமும் கணக்கும்

நம் காஞ்சி வட்டாரத்து உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனது 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 921-இல், பொறிக்கப்பெற்ற சாசனம் ஒன்று உளது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரும், அவர்தம் நெருங்கிய சுற்றத்தாரும் குடவோலைக்குப் பெயர் எழுதப்பெறாரென அது விதிக்கின்றது. அதிகாரம் ஏற்றவன் தன் செய்கைக்குச் சுவடு காட்டக் கடமைப்பட்டவன் என்பதே அதன் கருத்து.

அதே வட்டாரத்து ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியாரும் அவரோடு வேறு பலரும் கொலையுண்டனர். ஜூன் 11-இல் 19 வயதினரான பேரறிவாளன் சிறைப்பட்டார். போலீஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டப்படி செல்லாததாயிருந்தது; தடாச் சட்டமோ, சூப்பிரண்டெண்டுக்குக் குறையாத அதிகாரி பதிந்தால் செல்லுமென்றது. ஒலிநாடாவிற் பதியவும் அச்சட்டம் இடந்தந்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் நால்வர்க்குத் தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. அவருள் இவரும் ஒருவர்.

அவ்வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரி தியாகராஜன், 2013-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். தாம் வாங்கித் தந்த மின்கலங்கள் எதற்கென அறியேனென்று இளைஞர் கூறிய பகுதியைத் தாம் எழுதாது விட்டதாகச் சொன்னார். 2017-இல் உச்ச நீதிமன்றத்திற்குப் பிரமாணமும் அளித்தார். 2014-இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18-இல் விடுதலை வந்தது.

குற்றம் உண்டா இல்லையா என்று தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. கூறியது முழுதும் பதியப்படாவிடின் நீதிபதி எதனை நிறுப்பார்? உற்றாரை இழந்த குடும்பங்களுக்கும் முழு உண்மையே உரியது.

எழுதாது விடுதல் ஒரு வகை. எழுதியதை அழித்தல் மற்றொரு வகை. அமெரிக்க உளவுத்துறையார் விசாரணைப் படச்சுருள்கள் 92-ஐ 2005-இல் அழித்தனர். அது 2007-இலேயே வெளிப்பட்டது. எவர்மீதும் அதன் பொருட்டு வழக்கில்லை. நம் நாட்டிலோ, 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் வதையுண்டு மாண்ட சாத்தான்குளத்தில், காவல் நிலையக் காமிராக் காட்சிகள் நாடோறும் தாமே அழியுமாறு அமைக்கப்பட்டிருந்தன என்று மாஜிஸ்திரேட்டு கண்டார். அவ்வாண்டு டிசம்பர் 2-இல் உச்ச நீதிமன்றம், காவல் நிலையந்தோறும் காமிரா வேண்டுமென்றும், காட்சிகளைப் 18 மாதம், இயலாவிடின் ஓராண்டேனும், காத்தல் வேண்டுமென்றும் ஆணையிட்டது.

ஆதலின் அன்பர்களே, நம்மவர் எவரேனும் விசாரணைக்கு அழைக்கப்பெறின், நாளும் நேரமும் குறித்துக்கொள்க; காட்சிகளைக் காக்கவேண்டி உடனே எழுத்து மூலம் விண்ணப்பிக்க; நகலை வீட்டில் வைக்க. சர்க்காரைக் கணக்குக் கேட்கும் நாம், நம் சங்கத்து நடவடிக்கைப் புத்தகத்தையும் எவரும் கேட்டவுடன் விரித்துக் காட்டும் நிலையில் வைத்திருத்தல் வேண்டும்.