சங்ககிரியும் ஐரோப்பாவும்

சேலத்திலிருந்து ஈரோடு செல்லும் மாணவர்கள் சங்ககிரிக் குன்றைக் கண்டிருப்பீர்கள். தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் அது.

கும்பினியாரை எதிர்க்க அவரோடு விருப்பாட்சி கோபால நாயக்கரும், நம் பரமத்தி அப்பாச்சிக் கவுண்டரும், இசுலாமியத் தலைவர்களும் ஓரணியில் இணைந்திருந்தனர். குலமும் சமயமும் அக்கூட்டுக்குத் தடையாகவில்லை. 1800 ஜூன் 3 அன்று கோவைக் கோட்டையைத் தாக்க எண்ணினர். படைகள் ஒருங்கே சேருமுன் முயற்சி முறிந்தது. மறு ஆண்டு ஜூனில், எல்லாச் சாதியாரையும் அழைத்து மருதுபாண்டியர் திருச்சியில் அறிக்கை ஒட்டினர். அழைப்பு சிறந்ததே, ஆனால் கோவைத் தோழர் பலர் அதற்குள் மாண்டிருந்தனர்!

ஐரோப்பாவிலும் இக்கதைதான். 1805இல் நெப்போலியனிடம் ஆஸ்திரியா தோற்றபோது பிரஷ்யா விலகி நின்றது. அடுத்த ஆண்டே அதுவும் வீழ்ந்தது. 1813இல் இரண்டும் ரஷ்யாவோடு லைப்சிக் களத்தில் சேர்ந்து நின்று வென்றன. சின்னமலையோ, கூட்டாளிகளை இழந்தபின் சில ஆண்டுகள் போரிட்டு, அதே 1805இல் சங்ககிரிக்குக் கொண்டுவரப்பட்டார்.