பாய்க்கப்பற் படங்களும் பெயரிலா மாலுமிகளும்

செல்வர் விளையாட்டின் படங்களில் உழைப்பாளரின் சரித்திரமும் பதிந்து கிடக்கும். இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில் கௌஸ் என்னும் துறைமுகம் உளது. 1888ஆம் ஆண்டில் பீக்கன் குடும்பத்தார் ஆங்கே மருந்துக்கடை வைத்தனர். அக்குடும்பத்தவரான பிராங்க் பீக்கன், கடலில் விரைந்த பந்தயப் பாய்க்கப்பல்களைப் படம் பிடிக்கலானார். ஆடும் படகில் காமிராவைப் பிடிக்க இரு கைகளும் வேண்டும். விசையை அழுத்த மூன்றாங்கை ஏது? அவர் தாமே மரப்பெட்டிக் காமிரா ஒன்று அமைத்து, ரப்பர்க் குமிழைப் பல்லாற் கடித்து விசையை இயக்கினார். காட்சி கண்ணாடித் தகட்டிற் பதிந்தது.

இத்தகைய கப்பல்களுக்குப் பெரும்பொருள் இறைத்தவர் ஸர் தாமஸ் லிப்டன். 1890இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் வாங்கியவர். நம்மவர் கிள்ளிய கொழுந்தும் அவர் செல்வத்திற்கு உரமாயிற்று. 1899 முதல் 1930 வரை 'ஷாம்ராக்' எனப் பெயரிட்ட ஐந்து கப்பல்களை அமெரிக்கக் கோப்பைக்கு அனுப்பினார், ஐந்தும் தோற்றன.

1934இல் ஸோப்வித் என்னும் விமானத் தொழிலதிபர் 'எண்டெவர்' கப்பலுடன் அதே கோப்பையை நாடினார். அதன் நீளம் ஏறக்குறைய 130 அடி; பாய்ப்பரப்பு 7,500 சதுர அடிக்கு மேல். புறப்படுமுன் கூலி மாலுமிகள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளி இணங்கவில்லை. அவர்களை விலக்கி, பொழுதுபோக்கிற்காகக் கப்பலோட்டும் கனவான்களை ஏற்றிக்கொண்டார். முதலிரு பந்தயங்களில் வென்ற கப்பல் அடுத்த நான்கிலும் தோற்றது. தோல்விக்குக் காரணம் பல கூறுவர். பழகிய கைகளை இழந்ததும் அவற்றுள் ஒன்று.

அக்காலப் படங்களை உற்று நோக்குங்கள். வெண்பாய் விம்முகிறது, சாய்ந்த தளத்தில் பலர் வரிசையாய் நின்று கயிறு இழுக்கின்றனர். படத்தின் அடியிலோ கப்பலின் பெயரும் ஆண்டும் உடையவர் பெயருமே பெரும்பாலும் காணப்படும். கயிறு இழுத்தவன் பெயர் எங்கே?

தோட்டத்துக் கிராணி வேலையில் இதன் மறுபுறத்தை நாம் நாடோறும் காண்கிறோம். செக்ரோலில் பெயர் உண்டு, முகம் இல்லை. அப்படங்களில் முகம் உண்டு, பெயர் இல்லை. இரண்டும் சேர்ந்தாலன்றோ ஒருவன் சரித்திரத்தில் நிலைபெறுவான்?

அன்பர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியில் தோட்டத்துக் கூட்டப்படம் ஒன்று இருக்கலாம். நடுவில் நாற்காலியில் அமர்ந்த துரையின் பெயரை எவரும் அறிவர். பின்வரிசையில் நிற்பவரை அறிந்த பெரியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். ஒரு பென்சில் போதும்.