ஆறுதல் - கொங்கு நாட்டில் உடம்பும் மனசும் ஆறிய கதை

தமிழில் "ஆறு" என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. பால் ஆறுகிறது. புண் ஆறுகிறது. கோபம் ஆறுகிறது. களைத்தவர் இளைப்பாறுகிறார், பசித்தவர் பசியாறுகிறார், துக்கத்தில் இருப்பவருக்கு மற்றவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். உடம்பின் காயத்துக்கும் மனதின் காயத்துக்கும் ஒரே சொல்! இரண்டையும் தனித்தனி வியாதிகளாகப் பார்க்காத ஒரு சமூகத்தின் அடையாளம் இது. உலக சுகாதார நிறுவனம் 1948 ஆம் ஆண்டு தன் சாசனத்தில், ஆரோக்கியம் என்றால் நோய் இல்லாமல் இருப்பது மட்டுமல்ல, உடல், மனம், சமூகம் மூன்றின் நலமும் சேர்ந்ததுதான் என்று வரையறை செய்தது. தமிழ் அதைப் பல காலம் முன்பே ஒரு சொல்லுக்குள் வைத்துவிட்டது.

தன்னைத் தானே பேணிக்கொள்வது என்பது நகரத்து உடற்பயிற்சிக் கூடங்களோடும் மசாஜ் நிலையங்களோடும் பிறந்த புது நாகரிகம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உடுமலைப்பேட்டை வட்டாரத்து வீடுகளின் பழைய வழக்கங்களைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். அதோடு ஒரு கேள்வியும் எழும். இந்த வழக்கங்கள் எல்லோருக்கும் கிடைத்தனவா?

தேரையரின் நாட்காட்டி

சித்த மருத்துவ மரபில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி என்னும் சிறு பகுதி புகழ்பெற்றது. நோய் வந்த பிறகு என்ன மருந்து தருவது என்பதை அது பேசவில்லை. நோய் வராமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் அதன் பொருள். நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, மூன்று நாளைக்கு ஒருமுறை கண்ணுக்கு மை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் நசியம்... இப்படி ஒரு முழு நாட்காட்டியே அதில் இருக்கிறது. "நீ இதைச் செய்" என்று கட்டளையிடாமல், "நாங்கள் இப்படிச் செய்வோம்" என்ற தொனியில் அது அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. வைத்தியர் தானும் அந்த வரிசையில் நின்று பேசுகிறார்.

இதில் ஒவ்வொன்றும் இன்றைய மருத்துவத்துக்கு உகந்தது என்று சொல்ல முடியாது. அடிக்கடி பேதிக்கும் வாந்திக்கும் மருந்து எடுப்பதை இன்றைய மருத்துவர்கள் ஏற்கமாட்டார்கள். ஆனால் அந்த நாட்காட்டியின் அடிப்படை எண்ணம் பெரியது. உடம்பைப் பேணுவதற்கென்று நாள் குறித்து நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே அது.

மருத்துவமனையும் தமிழகத்துக்குப் புதிதல்ல. 11 ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றைச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் எனப் பணியாளர்களையும், அங்கே இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளையும் அது பட்டியலிடுகிறது. அந்த மருந்துகளில் தைலங்களும் உண்டு. ஆனால் 15 படுக்கைகள் ஒரு நாட்டுக்குப் போதுமா? சாதாரண மனிதர்களுக்கு வீடுதான் ஆதுலர்சாலை. பாட்டிதான் வைத்தியர்.

அரப்பும் செலவு ரசமும்

தமிழ்நாட்டின் பல பகுதிகளில் எண்ணெய்க் குளியல் என்றால் சீயக்காய் நினைவுக்கு வரும். கொங்கு நாட்டில் அரப்பு. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பச்சை நிறத் தூள் அது. தோட்டத்து ஓரத்திலும் காட்டிலும் தானாக வளரும் மரம் என்பதால் காசு கொடுத்து வாங்கவேண்டிய தேவை இல்லை. நல்லெண்ணெய் தேய்த்து, சற்று நேரம் ஊறி, வெந்நீரில் அரப்புப் போட்டுக் குளித்தால் உச்சந்தலை குளிர்ந்துவிடும் என்பார்கள்.

ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று நாள் பிரிக்கப்பட்டிருந்தது. ஔவையாரின் ஆத்திசூடியே சனிக்கிழமைக் குளியலைச் சொல்கிறது என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. அங்கே வரும் சொல்லுக்குக் குளிர்ந்த நீர் என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் எண்ணெய் தேய்த்த நாளுக்கென்று தனி விதிகள் இருந்தன. கடும் வேலை கூடாது, வெயிலில் அலையக் கூடாது, பகலில் தூங்கக் கூடாது, குளிர்ச்சியான உணவு கூடாது, சூடான மிளகு ரசம் வேண்டும். இந்த விதிகளைக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது என்ன? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு! எண்ணெய் ஒரு சாக்கு. ஓய்வுதான் மருந்து.

கொங்குச் சமையலில் செலவு ரசம் என்று ஒன்று உண்டு. "செலவு" என்றால் இங்கே காசுச் செலவு அல்ல. மிளகு, சீரகம், மல்லி, சுக்கு போன்ற சரக்குகளுக்குக் கொங்கு வழக்கில் உள்ள பெயர் அது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், காய்ச்சலில் விழுந்து எழுந்தவருக்கும் இந்த ரசம் வைத்துக் கொடுப்பது வழக்கம். சளி பிடித்தால் கொள்ளு ரசம், மழைக்காலத்தில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் மாதங்களில் உடுமலைப் பக்கத்து அடுப்படிகளில் இந்த வாசனை இல்லாமல் இருக்காது.

தலை முழுகுதல்

எண்ணெய்க் குளியலுக்கு உடம்போடு மட்டும் தொடர்பு என்று நினைத்தால் தவறு. "அவனை அன்னைக்கே தலை முழுகிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த உறவை முடித்துக்கொண்டார் என்று அர்த்தம். சாவு வீட்டிலிருந்து வந்தாலும் தலை முழுகவேண்டும். துக்க நாட்கள் முடியும்போதும் எண்ணெய் வைத்துத் தலை முழுகுவார்கள். துக்கத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் தேவை என்று அந்த வழக்கம் சொல்கிறது. அழவேண்டிய நாட்களில் அழுது தீர்க்கவேண்டும். பிறகு எழுந்து வேலைக்குப் போகவேண்டும்.

அழுவதற்கும் தனியே விடவில்லை. பெண்கள் கூடிக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். இழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, உறவினர்கள் சோறு கொண்டுவருவார்கள். இழந்தவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கூட ஒரு பாத்திரம் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்திருப்பார். அது போதும். மனநல ஆலோசனை என்ற சொல்லே இல்லாத காலத்தில் இதுதான் ஏற்பாடு.

கைவைத்தியத்தின் எல்லை

பழையது எல்லாம் பொன் என்று முடித்துவிடுவது எளிது. வரலாறு அப்படி முடிக்க விடாது.

அம்மை வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை செருகினார்கள். நோயாளியை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி, அரிப்பெடுத்த இடத்தை வேப்பிலைக் கொத்தால் வருடினார்கள். இளநீர், மோர், கூழ் என்று குளிர்ச்சியான உணவு கொடுத்தார்கள். வெளியாட்கள் வரக்கூடாது என்பதால் தனிமைப்படுத்தலும் நடந்தது. குணமானதும் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீரில் தலைக்கு ஊற்றினார்கள். நோயாளிக்கு இவை நிச்சயம் இதமாக இருந்தன. ஆனால் பெரியம்மையை இவை ஒழிக்கவில்லை. ஒழித்தது தடுப்பூசி. 1796 ஆம் ஆண்டு எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் சோதித்த முறை 1802 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டார். 1980 ஆம் ஆண்டு உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

பிளேக்கும் அப்படித்தான். 1896 ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கிய அந்தக் கொள்ளைநோய், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைத் தாக்கியது. கோவையில் இன்றும் இருக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தப் பயத்தின் சாட்சிகள். கோயில் அச்சத்தை ஆற்றியது. ஆனால் எலியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்கச் சுகாதாரமான வீடுகளும் தெருக்களும் தேவைப்பட்டன.

இன்றும் இந்த எல்லை முக்கியமானது. கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பேணுதல் வேறு, குணப்படுத்துதல் வேறு. இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

ஆலைச் சங்கு

1888 ஆம் ஆண்டு கோவையில் முதல் நூற்பாலை தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. உடுமலை வட்டாரத்திலும் நூற்பாலைகள் வந்தன. அதுவரை சூரியனைப் பார்த்து எழுந்த உடம்பு, ஆலைச் சங்கைக் கேட்டு எழத் தொடங்கியது. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்புகிறவர் எந்தப் புதன்கிழமை எண்ணெய் தேய்ப்பது? தேய்த்தால் பகலில் தூங்கக் கூடாது என்கிறது விதி. தூங்காவிட்டால் அடுத்த இரவு இயந்திரத்தின் முன் நிற்க முடியாது!

1891 ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலைகளில் வார விடுமுறையைக் கொண்டுவந்தது. 1922 ஆம் ஆண்டுச் சட்டம் வேலை நேரத்தை வாரத்துக்கு 60 மணி என்று வரையறுத்தது. 1934 ஆம் ஆண்டு அது 54 மணியாகக் குறைந்தது. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று இருந்தது. இவை தொழிலாளர் வரலாற்றில் படிக்கும் எண்கள். ஆனால் வைத்திய வரலாற்றிலும் இவற்றுக்கு இடம் உண்டு. தேரையர் சொன்ன எண்ணெய் முழுக்குக்கு வேண்டிய நேரத்தை, ஆலைத் தொழிலாளிக்குச் சட்டமும் சங்கமும் போராட்டமும்தான் மீட்டுக் கொடுத்தன. பல வீடுகளில் எண்ணெய்க் குளியல் ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் மாறியது இப்படித்தான்.

நெசவாளி எழுதச் சொன்ன பட்டியல்

நேரம் மாறிய இதே நூற்றாண்டில் மனதைப் பேணுவதற்கும் ஒரு புது வழி இப்பகுதியில் வேரூன்றியது. 1911 ஆம் ஆண்டு கூடுவாஞ்சேரியில் ஓர் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. 1958 ஆம் ஆண்டு உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் பொள்ளாச்சியைத் தாண்டி, வால்பாறை செல்லும் சாலையில் ஆனைமலை அடிவாரத்தில் உள்ள ஆழியாறு அவருடைய இயக்கத்தின் மையமானது. 1984 ஆம் ஆண்டு அங்கே அறிவுத் திருக்கோயில் எழுந்தது. 2006 ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் வகுத்த மனவளக்கலையில் எளிய உடற்பயிற்சி, தியானம், காயகல்பம் ஆகியவற்றோடு அகத்தாய்வு என்று ஒரு பகுதி உண்டு. துறவிக்கு அல்ல, குடும்பத்தில் இருப்பவருக்கு உரியது அது. அதில் கவலை ஒழிக்கும் பயிற்சிக்கு வேண்டியது ஒரு தாளும் பேனாவும்தான். மனதில் உள்ள கவலைகளை எல்லாம் எழுதவேண்டும். பிறகு அவற்றை நான்காகப் பிரிக்கவேண்டும். அனுபவித்தே தீரவேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்கவேண்டியவை. அவருடைய தத்துவத்தை ஏற்காதவருக்கும் இந்தப் பட்டியல் பயன்படும்.

1986 ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடன் பணிபுரிந்தவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் சிலரிடம், தங்களை வருத்திய அனுபவங்களைத் தினமும் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாட்கள் எழுதச் சொன்னார்கள். அந்த அனுபவத்தோடு அதைப் பற்றிய உணர்வுகளையும் எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் இது பலன் தரும் என்று பின்வந்த ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனால் மனதில் உள்ளதைத் தாளில் இறக்கினால் உடம்பும் இளைப்பாறலாம் என்பதை உலகம் கவனிக்கத் தொடங்கியது.

கடைசியில் யாருடைய தலை?

வீட்டில் எல்லோர் தலைக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டவர் யார்? வெந்நீர் காயவைத்தது யார்? செலவு ரசத்துக்குச் சரக்கு இடித்தது யார்? பெரும்பாலும் ஒரு பெண். கணவன், பிள்ளைகள், மாமனார் என்று எல்லோரும் குளித்து முடித்த பிறகு, மீதி இருக்கும் வெந்நீரும் மீதி இருக்கும் நேரமும்தான் அவருக்கு. எண்ணெய்க்கே வழியில்லாத கூலிக் குடும்பங்களும், ஊர்க் கிணற்றில் நீர் இறைக்கச் சாதியின் பெயரால் தடுக்கப்பட்ட குடும்பங்களும் இதே கொங்கு மண்ணில்தான் இருந்தன. திருமூர்த்திமலை அருவி எல்லோருக்கும் பொதுவாகக் கொட்டியது. ஊர்க் கிணறு அப்படி இருக்கவில்லை.

ஆகவே இந்த வரலாறு சொல்லும் பாடம் "பாட்டி வைத்தியத்துக்குத் திரும்புங்கள்" என்பது மட்டுமல்ல. நல்லெண்ணெயும் அரப்பும் இன்று கடையில் பாக்கெட்டில் கிடைக்கின்றன. தியானம் கைப்பேசியிலேயே வருகிறது. கிடைக்காதது நேரம்தான். நேரம் இல்லாதவரிடம் "உங்களை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது, பசித்தவரிடம் சமையல் குறிப்பைக் கொடுப்பது போன்றது.

மனச்சுமை தாங்க முடியாத அளவுக்குப் போனால் எண்ணெய்க் குளியலோடு நின்றுவிடக் கூடாது. மத்திய அரசு 2022 ஆம் ஆண்டு தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். அதுவும் ஒரு வகையில் சாவு வீட்டில் அருகே வந்து உட்காரும் உறவினர் போலத்தான்.

மற்ற நாட்களுக்கு ஒரு சிறு வழக்கம் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எண்ணெய் காய்ச்சும்போது, எப்போதும் கடைசியில் குளிப்பவரை முதலில் மணையில் உட்கார வைத்து, அவர் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, அன்றைய ரசத்தை வேறொருவர் வைக்கலாம். ஆறுதல் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கவுரை இல்லை.