சீனாவும் ஒரு நபிமொழியும்

குருவிட்டயில் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு ஒரு மாணவியைப் பழக்கினேன். தலைப்பு கல்வி. சீனா வரை போயாவது கல்வி தேடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்று பேச்சு தொடங்கும். எழுதிக் கொடுத்தவன் நான்தான். "ஸேர், இது எந்தக் கிதாபுல இருக்கு?" என்றாள். வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிய எனக்குப் பதில் வரவில்லை.

தேடினேன். இமாம் பைஹகீ (மறைவு ஹி. 458) 'ஷுஅபுல் ஈமா'னில் இதைப் பதிந்திருக்கிறார். வாசகம் பிரபலம், அறிவிப்பாளர் தொடர் பலவீனம் என்று அவரே சொல்லியும் விடுகிறார். அனஸ் (ரழி) அவர்களிடமிருந்து இதை அறிவிப்பவர் அபூ ஆத்திகா. இமாம் புஹாரீ அவரை மறுக்கத்தக்கவர் என்றார். இப்னு ஹிப்பான் அடிப்படையற்றது என்றார். இப்னுல் ஜவ்ஸீ (மறைவு ஹி. 597) இட்டுக்கட்டப்பட்டவற்றைத் திரட்டிய நூலில் சேர்த்துவிட்டார்.

கருத்து நல்லதுதானே, யார் சொன்னால் என்ன என்றார் ஒரு நண்பர். நானோ தமிழ் படித்தவன். ஒளவை பெயரில் வழங்குவதெல்லாம் ஓர் ஒளவை பாடியதல்ல என்று பரீட்சை எழுதியவன். அங்கே பெயர் மாறினால் இலக்கிய வரலாறு பிசகும். இங்கே மார்க்கமல்லவா பிசகும்?

கல்வி கடமை என்ற பகுதி இப்னு மாஜாவில் தனியே உண்டு. அதன் தொடரிலும் குறை சொல்வார்கள். பல வழிகளில் வருவதால் 'ஹஸன்' தரத்தை எட்டும் என்பது இமாம் மிஸ்ஸீயின் முடிவு. பேச்சை அதிலிருந்து தொடங்கினோம். ஜாபிர் (ரழி) பயணத்தையும் சேர்த்தோம். ஒரேயொரு ஹதீஸை, நபியிடம் நேரில் கேட்ட அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரழி) வாயால் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணித்து ஷாம் போனவர் அவர்.

பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. "நல்லாப் பேசினா, சீனாவ விட்டுட்டாளே" என்றார் நடுவர் ஒருவர்.