நோயாளியின் சொல்லும் ஓர் அளவுகோல்

காய்ச்சல் கண்டவருக்கு மருந்து கொடுத்தபின் உடற்சூடு தணிந்ததெனில், அம்மருந்தின் பயன் விளங்கிவிடும். ஆனால், நீரிழிவு, மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு முதலிய நாட்பட்ட நோய்களில் விடை அத்துணை எளிதிற் கிடைப்பதில்லை. இவை பெரும்பாலும் முற்றாகத் தீர்வதில்லை. நோயாளி இவற்றோடு பல்லாண்டு வாழ வேண்டியவராகிறார். அத்தகையவருக்கு மருத்துவம் நற்பயன் தந்ததா என்பதை எதனைக்கொண்டு அளப்பது? இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு என்பதைத் தமிழ் பயில்வோர் அறிதல் வேண்டும்.

இறந்தோர் எத்தனை பேர், பிழைத்தோர் எத்தனை பேர் என்னும் கணக்கே நெடுங்காலம் மருத்துவத்தின் அளவுகோலாக இருந்தது. 1948ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நலம் என்பது நோயின்மை மட்டுமன்று. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நிறைவுற்றிருக்கும் நிலையே நலம் என்று வகுத்தது. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டேவிட் கார்னோவ்ஸ்கியும் அவர்தம் தோழர்களும், புற்றுநோயாளருக்குப் புதுமருந்து ஒன்றைக் கொடுத்து ஆராய்ந்தபோது ஓர் அளவுகோலை அமைத்தனர். குறையேதுமின்றி இயங்குபவருக்கு 100, தம்மைத் தாமே பேணிக்கொண்டாலும் தொழில் செய்ய இயலாதவருக்கு 70, இறப்புக்குச் சுழி. உயிரோடிருப்பவர் எந்நிலையில் இருக்கிறார் என்று கேட்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

அடுத்து நம் கருத்தைக் கவர்வது சென்னை மாநகரம். 1956இல் அங்கு நிறுவப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், 193 நோயாளரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்தில் தங்கினர். மற்றவர் தத்தம் இல்லத்திலிருந்தே மருந்துண்டனர். நிலையத்தில் தங்கியோர்க்கு நல்லுணவும் ஓய்வும் கிட்டின; இல்லத்தில் இருந்தோர் நெருக்கமான குடியிருப்பில் வறுமையோடு வாழ்ந்தனர். இருப்பினும், 1959இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர் நிலையத்தில் 92 விழுக்காடு. இல்லத்தில் 86 விழுக்காடு. வேறுபாடு பெரிதன்று. வீட்டிலிருந்து மருந்துண்டதால் உடன் வாழ்ந்தோர்க்குப் பேரிடர் விளையவில்லை என்பதும் தெளிவாயிற்று. மருந்தின் பயன் ஏறத்தாழ ஒன்றே எனில், மனைவி மக்களைப் பிரிந்திருத்தல் என்னும் விலையை நோயாளி ஏன் கொடுத்தல் வேண்டும்? உலக நாடுகள் பலவும் இல்ல மருத்துவத்தை நாட இவ்வாய்வு வழிகாட்டிற்று.

1963இல் அமெரிக்காவின் சிட்னி காட்ஸ் குழுவினர், குளித்தல், உடுத்தல், உண்ணுதல் முதலிய ஆறு அன்றாடச் செயல்களைக் கொண்டு முதியோர் நிலையை அளந்தனர். எனினும் இவ்வளவுகளையெல்லாம் இட்டவர் மருத்துவரும் பணியாளருமே. நோயாளியையே கேட்கும் வினாத்தாள்கள் பின்னர்ப் பெருகின. அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுந்தவை. 1992இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்ற 36 வினாக்கள் கொண்ட தாள், கோல்ப் ஆடுவதை ஓர் எடுத்துக்காட்டாகக் கூறிற்று. தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டி முதுமையுற்ற ஒருவர் இதற்கு என்ன விடை கூறுவார்?

இத்தகைய குறை நேராவண்ணம் 1991இல் உலக சுகாதார நிறுவனம் வேறொரு வழியை மேற்கொண்டது. உலகின் 15 நகரங்களில் ஒரே காலத்தில் பணி தொடங்கிற்று. சென்னை அவற்றுள் ஒன்று. நோயாளரும் நலமுடையோரும் மருத்துவப் பணியாளரும் கூடி, தம் வாழ்வில் எவை இன்றியமையாதவை என்பதைத் தத்தம் மொழியிலேயே உரையாடினர். அவ்வுரையாடல்களிலிருந்து வினாக்கள் பிறந்தன. நூறு வினாக்கள் கொண்ட தாள் முதலில் உருவாயிற்று. பின்னர் 26 வினாக்களாகச் சுருக்கம் கண்டது. உடல், உள்ளம், உறவு, சூழல் என்னும் நான்கு கூறுகளில், கடந்த இரண்டு வாரங்களில் தம் நிலை யாது என்பதை நோயாளியே கூறுகிறார். உறக்கம், வலி, பொருள்வசதி, நண்பரின் துணை ஆகிய யாவும் இதில் இடம்பெறுகின்றன.

வாழ்க்கைத் தரம் என்றவுடன் வருவாயும் வீடும் வாகனமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஈண்டு அளக்கப்படுவது அதுவன்று. தம் பண்பாட்டிலும் தம் எதிர்பார்ப்பிலும் நின்று ஒருவர் தம் வாழ்வைத் தாமே எவ்வாறு காண்கிறார் என்பதாகும். ஆகவே, இவ்வளவையில் மொழி வெறும் கருவியன்று. அளவுகோலின் ஒரு பகுதியே எனலாம்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரிடையே நீரிழிவு மிகுந்துள்ளதை நாம் அறிவோம். மருத்துவமனையில் பாட்டி, "உடம்பு கனக்கிறது, மனம் ஒட்டவில்லை" என்பார். உடன் சென்ற பேரன் அதனைப் பிறமொழியில் "களைப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவான். குருதியின் சர்க்கரை அளவு ஏட்டில் ஏறும். பாட்டியின் துயரம் ஏறாது. மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணிய வள்ளுவர் நோயுற்றவரையே முதலில் வைத்தார். மருத்துவரும் மருந்தும் அவருக்குப் பின்னரே வருகின்றனர். அம்முதலிடத்தில் நிற்பவரின் சொல்லைச் சிதையாது கேட்கவும், சிதையாது எடுத்துரைக்கவும் மாணவரைப் பயிற்றுவதும் தமிழாசிரியரின் பணியேயாகும்.