கடலில் போட்டால் கரைந்துவிடுமா?

 

புறக்கோட்டையில் வாழும் நமக்குக் குப்பையும் புதிதல்ல, கடலும் தூரமல்ல. சென் ஜோன்ஸ் மீன் சந்தை பேலியகொடைக்குப் போகும்வரை, ஐஸ் குறைந்தால் மீன் என்னவாகும் என்று நம் மூக்கே சொல்லித்தந்தது. கெடுப்பது பற்றீரியா; குளிர் அதைத் தாமதப்படுத்தும். ஆழ்கடலில் என்ன நடக்கிறது? அதைக் காட்டித்தந்தது ஒரு விபத்து.

1968 ஒக்டோபரில் அமெரிக்காவின் அல்வின் நீர்மூழ்கி, அத்திலாந்திக்கில் 1,540 மீற்றர் ஆழத்துக்குப் போய்விட்டது. உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள். சாப்பாடு மட்டும் உள்ளேயே கிடந்தது. பத்து மாதங்களுக்குப் பின் தூக்கினால், சாண்ட்விச்சும் அப்பிளும் சூப்பும் ஏறக்குறைய அப்படியே இருந்தன! ஆனால், அதே அளவு குளிரில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததும் சில வாரங்களில் கெட்டுவிட்டன. ஆகவே குளிர் மட்டும் காரணமல்ல. பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். அங்கே சுமார் 150 மடங்கு. மேலிருந்து போன பற்றீரியா அதில் முடங்கிவிடும். இதை ஹோல்கர் யனாஷ் குழுவினர் 1971இல் எழுதினார்கள்.

அப்படியானால் ஆழம் வெறுமையா? இல்லை. 1981இல் யயானோஸ் குழுவினர் மரியானா அகழியில், 10,000 மீற்றருக்கும் கீழிருந்து ஒரு பற்றீரியாவை எடுத்தார்கள். சுமார் 380 வளிமண்டலத்துக்குக் குறைந்தால் அது வளரவே இல்லை.

அதற்கு எப்படி முடிகிறது? நுவரெலியாவில் தேங்காய் எண்ணெய் உறையும், மீன் எண்ணெய் உறையாது. குளிரும் அமுக்கமும் கலமென்சவ்வையும் அப்படித்தான் இறுக்கும். ஆழ்கடல் பற்றீரியா நிரம்பாத கொழுப்பமிலங்களைக் கூட்டி அதை இளக்கமாக வைத்திருக்கிறது. சூலு கடலின் 2,500 மீற்றர் ஆழத்தில் கிடைத்த ஒரு பற்றீரியாவில், அமுக்கத்துக்கு ஏற்ப மென்சவ்வுப் புரதங்களை மாற்றுவது டொக்ஸ்-ஆர் என்ற பரம்பரை அலகு. வாந்திபேதிக் கிருமியில் நஞ்சை இயக்குவதும் அதே பெயருடைய, அதன் உறவான அலகுதான்!

பக்கத்து நாட்டிலும் இந்த ஆய்வு நடந்தது. அந்தாட்டிக்காவிலிருந்து வந்த ஒரு பற்றீரியாவில், மடிந்த ஆர்.என்.ஏ.யை அவிழ்த்து வெட்டும் நொதியத்தின் பரம்பரை அலகை ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிறுவனத்தில் செயலிழக்கச் செய்தார்கள். 22 பாகையில் வளர்ந்த அது, 4 பாகையில் வளரவில்லை.

இதில் நமக்கென்ன? மரியானா பற்றீரியா ஒரு தடவை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். அடியில் வேலை அவ்வளவு மெதுவாகத்தான் நடக்கும். நாம் போடுவதெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும் என்று நினைப்பது தவறு. கெட்டுப்போகிற சாண்ட்விச்சே பத்து மாதம் கிடந்ததென்றால், பிளாஸ்டிக்கை என்ன சொல்ல? 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது நம் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைப் பார்த்தோமே.

கடலும் ஓர் அமானிதம். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.